மார்ஷலிங்: தொடுத்தலா, கோத்தலா?

குன்னூர்:
வணக்கம். நாளை காலை வகுப்பு. ஜாவா நிரலில் ஒரு ஆப்ஜெக்டை, அதாவது நினைவகத்தில் உள்ள மதிப்புகளின் தொகுப்பை, டேக் போட்ட எழுத்தான எக்ஸ்எம்எல்லாக எழுதுவது மார்ஷலிங், அதைப் படித்துத் திரும்ப ஆப்ஜெக்ட் ஆக்குவது அன்மார்ஷலிங். "மார்ஷல்னா ராணுவமா சார்?" என்கிறார்கள். வரிசையாக்கம் என்றால் சார்ட்டிங்கோடு குழம்புகிறார்கள். இன்று ராத்திரிக்குள் ஒரு தமிழ்ச் சொல் கொடுங்கள்.

கோத்தகிரி:
தொடுத்தல், அவிழ்த்தல். சிதறிக் கிடக்கும் மதிப்புகளைப் பூப்போல ஒரு நாரில் ஏற்றுகிறோம். தொடு, தொடர், தொடையல் எல்லாம் ஒரே குடும்பம். செய்யுளில் மோனையும் எதுகையும் தொடை ஆனது எப்படி என்று பாருங்கள், பிறகு அந்தாதித் தொடைக்கு வருகிறேன்.

உதகை:
ஐயா, அந்தாதிக்கு வராதீர்கள், அங்கேதான் சிக்கலே. முனையை முனையோடு முடிந்தால் மாலை, இங்கே முடிந்தால் பிழை. மாணவர் வகுப்பையும் வகுப்பு மாணவரையும் சுட்டினால், இந்த மாற்றத்தைச் செய்யும் ஜாக்ஸ்பி நூலகம் சுழற்சி என்று சொல்லி நின்றுவிடும், ஒன்றை விட்டுவிடச் சொல்ல வேண்டும். அப்புறம் எக்ஸ்எம்எல் நார் இல்லை, டேக்குக்குள் டேக்காகக் கிளைக்கும் மரம்.

வெலிங்டன்:
நான் ரயில்வேயில் இருந்தவன். மார்ஷலிங் யார்டு என்றால் பெட்டிகளை ஓட வேண்டிய வரிசையில் கோர்க்கும் இடம். ஆகவே கோர்த்தல். நம் மலை ரயிலில் கல்லாறு தாண்டினால் இன்ஜின் பின்னால் நின்று தள்ளும், அதற்கும் வரிசை முக்கியம்!

கோத்தகிரி:
கோத்தல். ர் கிடையாது. கோ, கோத்தான், கோவை. இதைக்கூடத் தவறாக எழுதிவிட்டுக் கலைச்சொல் வேறா?

வெலிங்டன்:
ஐம்பது வருடமாக ஊசியில் நூல் கோர்த்த என் அம்மாவிடம் சொல்லுங்கள்.

கூடலூர்:
கோத்தால் கோப்பு என்று வரும், அது ஃபைலுக்குப் போய்விட்டது. அவிழ்த்தலும் பொருந்தாது. மாலையை அவிழ்த்தால் அதே பூ கையில் வரும். அன்மார்ஷல் செய்தால் வருவது அதே மதிப்புள்ள புது ஆப்ஜெக்ட், பழையது அதன்பாட்டுக்கு இருக்கும். எழுத்தாக்கம், மீட்டுருவாக்கம் என்று வைக்கலாம், அழகு இல்லை, ஆனால் நடப்பதைச் சொல்கிறது. ஒன்று, ஜாவா 11-இல், அதாவது 2018-இலேயே, ஜாவா நிரலாக்கத் தொகுப்பான ஜேடிகேயிலிருந்து ஜாக்ஸ்பியை எடுத்துவிட்டார்கள். நூலகத்தைத் தனியாகச் சேர்க்காவிட்டால் எந்தச் சொல்லை வைத்தாலும் நிரல் ஓடாது.

குன்னூர்:
நல்லவேளை சொன்னீர்கள் அக்கா, ஆய்வக இயந்திரங்களை இனிமேல்தான் பார்க்க வேண்டும். மணி பதினொன்று. தொடுத்தல், மீட்டுருவாக்கம் என்று எழுதிப் பக்கத்தில் மார்ஷலிங் என்றும் போட்டுவிடுகிறேன்.

கோத்தகிரி:
பாதி என்னுடையது, பாதி கூடலூருடையது. இது இணைச்சொல்லே இல்லை. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

வெலிங்டன்:
கோர்த்தல்.