விசாரணையே இல்லாமல் இன்கிரிமென்ட் வெட்டு: அப்பீல் எழுத உதவி தேவை

தோழர்களே, என் கணவர் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க். கோப்பு ஒன்று தாமதமானதற்காக 1965-ஆம் ஆண்டு சிசிஎஸ் (சிசிஏ) விதிகளின், அதாவது மத்திய அரசு ஊழியர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கை விதிகளின், 16-ஆம் விதிப்படி மெமோ கொடுத்தார்கள். பதில் எழுதிக் கொடுத்தார். இப்போது இரண்டு இன்கிரிமென்ட்டைத் திரண்ட பயனுடன் (அதாவது, அந்தச் சம்பள இழப்பு பின்னாலும் சரியாகாமல் நிரந்தரமாகத் தொடரும்படி) நிறுத்தி உத்தரவு வந்திருக்கிறது.

விதியைப் படித்துப் பார்த்தேன். 16-ஆம் விதி சிறு தண்டனைக்கானதுதான். ஆனால் திரண்ட பயனுடன் இன்கிரிமென்ட்டை நிறுத்துவதானால், 14-ஆம் விதியில் சொன்னபடி விசாரணை நடத்தியே ஆக வேண்டும் என்று 16(1-ஏ) சொல்கிறது. குல்வந்த் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைப் பெரிய தண்டனை என்றே சொன்னது. இங்கே விசாரணை அதிகாரியும் இல்லை, சாட்சியும் இல்லை. அலுவலகத்தில் கேட்டால் "மைனர் பெனால்டிதானே, விடுங்க" என்கிறார்கள். ஓய்வூதியம் வரை இடிக்கும், எப்படி விடுவது?

அப்பீலுக்கு 45 நாள் கெடு, ஓடிக்கொண்டிருக்கிறது. நேராக மத்திய அரசு ஊழியர் வழக்குகளுக்கான நிர்வாகத் தீர்ப்பாயம் போகலாம் என்றால், முதலில் துறைக்குள் மேல்முறையீடு செய்துவிட்டு வா என்பார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது: அப்பீலில் விசாரணை நடக்காததை மட்டும் பிடித்துக்கொண்டால் போதுமா, குற்றச்சாட்டுக்கும் பதில் எழுத வேண்டுமா? 27-ஆம் விதிப்படி மேல்முறையீட்டு அதிகாரி தண்டனையைக் கூட்டவும் முடியும் என்பதுதான் அவருக்குப் பயம். அப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா? அப்பீல் மாதிரி இருந்தால், பெயரை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.