மறுமொழி: ‘வண்ண மோதல்’ வேண்டாம், ‘சார்நிறம்’ என்போமா?

> ஸ்பெக்ட்ரம் விளையாட்டு மதிப்புரைகளில் ‘அட்ரிபியூட் கிளாஷ்’ என்பதை ‘வண்ண மோதல்’ என்றே எழுதிவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

அன்புள்ள ஐயா, வணக்கம். ஸ்பெக்ட்ரம் என்ற பழைய வீட்டுக் கணினியின் திரையில் அருகருகே வரும் உருவங்களில் ஒன்றன் நிறம் மற்றொன்றில் தெரியும் குறையைத்தான் ‘அட்ரிபியூட் கிளாஷ்’ என்கிறார்கள்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும் என்பதே என் கவலை. விளையாட்டு மதிப்புரையில் ‘மோதல்’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. எதிரி நம் ஆள்மீது பட்டானா என்று நிரல் கண்டறிவதை வேறெப்படிச் சொல்வோம்? “இதில் மோதல் சரியில்லை” என்று எழுதினால் குறை நிறத்திலா, நிரலிலா என்று வாசகர் திகைப்பார்.

இன்னொன்று: அங்கே உண்மையில் எதுவும் மோதுவதில்லை. 1982இல் பிரிட்டனில் சின்கிளேர் நிறுவனம் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தின் திரையில் 256 × 192 புள்ளிகள். எந்தப் புள்ளி எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்ற கணக்குக்கு 6,144 பைட்டுகள். நிறம் தனியாக, 8 × 8 புள்ளிகள் கொண்ட கட்டத்துக்கு ஒரு பைட் வீதம் 768 கட்டங்களுக்கு 768 பைட்டுகள். ஒரு கட்டத்துக்குள் ஒரு மை நிறம், ஒரு தாள் நிறம், அவ்வளவுதான். (மை, தாள் என்பவை என் கற்பனை அல்ல, அந்தக் கணினியின் பேசிக் மொழியிலேயே இங்க், பேப்பர் என்று கட்டளைகள் உண்டு.) ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறமும் பொலிவும் கொடுத்திருந்தால் 24,576 பைட்டுகள் வேண்டும். 16கே நினைவகம் உள்ள மாதிரியில் அது அடங்கவே அடங்காது; 48கே மாதிரியில் பாதியை விழுங்கிவிடும். கட்டத்துக்கு இரண்டே நிறம் என்ற சிக்கனத்தால்தான் குறைந்த விலைக்கு ஒரு வண்ணக் கணினி கிடைத்தது.

இப்போது கறுப்புத் தாளில் நிற்கும் பச்சை மரத்தின் அருகே மஞ்சள் வீரன் வருகிறான். இருவரும் ஒரே கட்டத்துக்குள் வந்ததும் மூன்றாம் நிறத்துக்கு இடமில்லை. மரத்தின் ஒரு துண்டு மஞ்சளாகிறது, அல்லது வீரனின் தோள் பச்சையாகிறது. பக்கத்தில் இருப்பதன் நிறத்தை ஏற்பது! இதற்கு நம்மிடம் பழைய தொடரே இருக்கிறது. செம்பருத்தியின் அருகே வைத்த படிகம் சிவந்து தோன்றுவதுபோல உயிர் தான் சேர்ந்ததன் தன்மையைப் பெறும் என்பதைச் சைவ சித்தாந்திகள் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்பார்கள். அதைச் சுருக்கி ‘சார்நிறம்’ என்கிறேன். சார்பெழுத்து என்று இலக்கணத்தில் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாக இராது.

மற்றொரு நண்பர் முன்வைத்த ‘நிறக்கசிவு’ அழகான சொல். அதைத் தொலைக்காட்சிக்கு விட்டுவைப்போம். கணினியின் படம் தொலைக்காட்சியின் ஆன்டெனா துளை வழியே வந்தபோது நிறங்கள் விளிம்பு தாண்டிப் பரவியது தனிக் குறை. மதிப்புரையாளருக்கு இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கும். ‘அட்ரிபியூட்’ என்பதை நேராக மொழிபெயர்த்து ‘பண்பு மோதல்’ என்பதோ வேண்டவே வேண்டாம். பண்பு என்றதும் நமக்குக் குணம்தான் நினைவுக்கு வரும்.

இந்தச் சொல்லுக்காக நான் இவ்வளவு வாதாடுவதற்குக் காரணம் மதிப்பெண். 1984இல் தொடங்கிய கிராஷ் என்ற ஸ்பெக்ட்ரம் விளையாட்டு இதழ் படவேலைக்குத் தனி விழுக்காடு கொடுத்தது. நாமும் அப்படிக் கொடுக்கிறோம். அதே ஆண்டில் வந்த ‘நைட் லோர்’ விளையாட்டின் அறைகள் ஒவ்வொன்றும் ஒரே மை நிறத்தில் இருப்பதைப் பார்த்து “நிறம் போதாது” என்று மதிப்பெண்ணைக் குறைப்பது அநியாயம். சார்நிறம் எழவே இடம் கொடுக்கக் கூடாது என்று எடுத்த முடிவு அது. விளையாட்டு நிரலர் டான் பிரீஸ்ட்லி 1986இல் ‘தி டிராப் டோர்’ விளையாட்டில் எதிர்வழி போனார்: பெரிய வண்ண உருவங்களைக் கட்டங்களுக்குப் பொருந்த அமைத்துச் சார்நிறத்தை அடக்கினார். இரண்டும் கைத்திறன். அதைச் சொல்லப் பெயர் இல்லாவிட்டால் மதிப்புரையில் பாராட்டவும் முடியாது.

பிற கணினிகளுக்கும் சொல் பொருந்துகிறது. எம்எஸ்எக்ஸில் பின்னணிக் கட்டம் 8 புள்ளி அகலம், ஒரே புள்ளி உயரம். சார்நிறம் அங்கே சிறு கீற்றாகத் தெரியும். கமடோர் 64இல் நகரும் உருவங்களுக்கு வன்பொருளே தனி நிறம் தருவதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வினையாக எழுதும்போது ‘சார்நிறம் பட்டது’ என்பதா, ‘சார்நிறம் ஏறியது’ என்பதா? துணியில் சாயம் ஏறுவது வழக்கில் இருப்பதால் நான் ‘ஏறியது’ பக்கம். சாயத் தொழிலோ அச்சுத் தொழிலோ அறிந்தவர்கள் குழுவில் இருந்தால் அங்கே புழங்கும் சொல்லைத் தெரிவியுங்கள். அதைப் பார்த்த பிறகு சொற்பட்டியலில் சேர்க்கலாம்.