சூப்பர்மேன் 75 படிச்சு முடிச்சாச்சு: அடுத்து என்ன, கறுப்புப் பையைப் பிரிக்கலாமா?

கிழிஞ்ச_கேப்:
வணக்கம் நண்பர்களே. 'சூப்பர்மேன்' 75-ஆம் இதழை போனில் படிச்சு முடிச்சேன். அவர் வேலை பார்க்கிற டெய்லி பிளானட் பத்திரிகை வாசல்ல சூப்பர்மேன் செத்து விழுந்து கிடக்கிறதும், காதலி லோயிஸ் அள்ளிப் பிடிச்சு அழுறதும் கண்ணை விட்டுப் போகல. 82-ஆம் இதழ்ல எழுந்து வந்துடுவார்னு தெரியும். தெரிஞ்சும் மனசு ஆறல, சிரிக்காதீங்க. மூணு சந்தேகம்:

ஒண்ணு, கடைசிச் சண்டை எல்லாரும் சொல்ற அளவுக்கு என்னை உலுக்கல. ஏன்? ரெண்டு, அடுத்து எதை எந்த வரிசையில படிக்கணும்? மூணு, 75-ஆம் இதழை வெச்சு வித்த, சிவப்பு எஸ் ரத்தம் ஒழுகுற அந்தக் கறுப்புப் பை, சீல் பிரிக்காதது ஒண்ணு கையில இருக்கு. பிரிக்கலாமா?

நாலு_மூணு_ரெண்டு:
முதல் கேள்விக்குப் பதில் உங்க போன்லதான் இருக்கு. ஒவ்வொரு கட்டமா பெருசாக்கிக் காட்டுற முறையில படிச்சிருப்பீங்க. அதை நிறுத்திட்டு முழுப் பக்கமா வெச்சு, இந்த நாலு சூப்பர்மேன் தலைப்பு இதழையும் ஒரே மூச்சுல படிங்க: அட்வெஞ்சர்ஸ் (முழுப் பேர் அட்வெஞ்சர்ஸ் ஆஃப் சூப்பர்மேன்) 497, ஆக்‌ஷன் காமிக்ஸ் 684, மேன் ஆஃப் ஸ்டீல் 19, கடைசியா சூப்பர்மேன் 75. 497-ல பக்கத்துக்கு நாலு கட்டம். 684-ல மூணு. 19-ல ரெண்டு. 75-ல பக்கத்துக்கு ஒரே படம். கட்டம் குறையக் குறைய பக்கம் புரட்டுற வேகம் தானா கூடும், அடியும் பெருசாத் தெரியும். டான் ஜர்கென்ஸ் வரைஞ்ச அந்தக் கடைசிப் படம் அச்சு இதழில் மடிப்பைப் பிரிச்சு விரிக்கிற அகலத்துக்கு இருக்கும். கட்டம் கட்டமாப் பார்த்தா இந்தக் கணக்கே காணாமப் போயிடும்.

அடுத்தது 'ஃப்யூனரல் ஃபார் எ ஃப்ரெண்ட்', அவரோட இறுதிச் சடங்குக் கதைத் தொடர். முன்னோட்டமா ஜஸ்டிஸ் லீக் அமெரிக்கா 70. அப்புறம் எட்டுப் பாகம்: அட்வெஞ்சர்ஸ் 498, ஆக்‌ஷன் 685, மேன் ஆஃப் ஸ்டீல் 20, சூப்பர்மேன் 76, அட்வெஞ்சர்ஸ் 499, ஆக்‌ஷன் 686, மேன் ஆஃப் ஸ்டீல் 21, சூப்பர்மேன் 77. தலைப்பு தலைப்பாப் பிரிச்சுப் படிக்காதீங்க. அப்போ ஒரே கதைதான் வாராவாரம் நாலு தலைப்பிலயும் மாறி மாறி ஓடிச்சு.

என் கணக்குல சாவை விட இந்த எட்டுதான் கனம். ஊரே சூப்பர்மேனுக்கு அழுது, ஊர்வலம் போகுது. சூப்பர்மேன்தான் கிளார்க் கென்ட்னு ஊருக்குத் தெரியாது, அதனால கிளார்க் மட்டும் 'காணாமல் போனவர்' பட்டியல்ல இருக்கார். நிச்சயம் பண்ணின லோயிஸ் உண்மையை வாய்விட்டுச் சொல்லி அழ முடியாது. வளர்த்த அப்பா அம்மா நிலைமை இன்னும் மோசம்: மகனோட இறுதி ஊர்வலத்தை ஸ்மால்வில் வீட்டுல டிவியில பார்க்கிறாங்க. இழவு வீட்டுல உட்கார உரிமையில்லாதவங்க துக்கம் அது. கல்லறைச் செலவை ஏத்துக்கிட்டு முன்வரிசையில நிக்கிறது யாருன்னா அவரோட பரம எதிரி லெக்ஸ் லூத்தர்! அந்த வயித்தெரிச்சலையும் சேர்த்தே படிங்க.

ராமபாணம்:
பை விஷயம். பிரிங்க. விலை போயிடும்னு பயப்படாதீங்க, 1992 நவம்பர்ல லட்சக்கணக்குல அச்சாகி, பாதிப் பேர் பிரிக்காமலே பூட்டி வெச்ச சரக்கு. பிரிக்காம வைக்கிறதுலதான் நஷ்டம் அதிகம். உள்ளே இதழோட டிரேடிங் கார்டும் ஒண்ணு இருக்கு. மேல பாரம் அழுத்தினா அந்தக் கார்டோட விளிம்பு அட்டையில தடமாப் பதிஞ்சுடும், அப்புறம் போகாது.

பையை நேரா நிறுத்தி மெல்லத் தட்டுங்க, உள்ளே இருக்கிறதெல்லாம் கீழே இறங்கும். மேல் விளிம்பை ஒட்டி புது பிளேடால நறுக்குங்க. கையால கிழிச்சா கிழிசல் கோணலா எஸ் எழுத்து வரை ஓடிடும். இதழ், போஸ்டர், டெய்லி பிளானட் இரங்கல் செய்தி, ஸ்டாம்புகள், கார்டு, கையில கட்டுற கறுப்புப் பட்டை எல்லாம் வருதான்னு சரிபாருங்க. அட்டையில கல்லறைக் கல் இருக்கணும். கம்பத்துல கிழிஞ்ச கேப் தொங்குற அட்டைன்னா அது பையில்லாம வித்த பதிப்பு, யாரோ மாத்தி வெச்சிருக்காங்க.

இதழை மட்டும் தனியா, பின்னால முட்டுக் கொடுக்கிற அமிலமில்லாத அட்டையோட பாலிப்ரொப்பிலீன் கவர்ல போடுங்க. அந்த முட்டு அட்டையோட பளபளப்பான பக்கம் இதழைத் தொடணும். பல பேர் தலைகீழா வெச்சுடறாங்க. இதழை வெளியே எடுக்கும்போது கவர் மடிப்பை ஒட்டியிருக்கிற டேப்பை முழுசா உரிச்சு எடுத்துடுங்க. மடிப்புல தொங்க விட்டா இதழோட மேலட்டையைக் கவ்விக் கிழிக்கும். இதழ்கள் கெடுறது பூச்சியால மட்டும் இல்ல, இப்படியும்தான்.

நம்ம ஊர் ஈரத்துக்கு ஸ்டேப்பிள் பின் துருப்பிடிச்சு நடுப்பக்கம் பழுப்பாகும். பெட்டி மூலையில சிலிக்கா ஜெல் வைங்க, கவருக்குள்ள வேண்டாம். நிறம் மாறினா காயவெச்சு மறுபடி வைங்க. வேப்பிலையைப் பக்கத்துக்கு நடுவுல சொருகாதீங்க, கறை விழும். நிமிர்த்தி வைங்க. பெட்டி பாதி காலியா இருந்தா இதழெல்லாம் சரிஞ்சு முதுகு வளையும், அட்டைத் துண்டு வெச்சு நிரப்பிடுங்க.

ஸ்டீல்_ரசிகன்:
எதுக்கு இவ்வளவு ஒப்பாரி? நேரா அட்வெஞ்சர்ஸ் 500-க்குப் போங்க. ஸ்டீல், சூப்பர்பாய், எராடிகேட்டர், சைபார்க்னு சூப்பர்மேன் இடத்துக்கு நாலு பேர் வந்து நிப்பாங்க, துக்கமெல்லாம் பறந்துடும்.

நாலு_மூணு_ரெண்டு:
பறக்காது தல, புரியாது. சூப்பர்மேன் 77-ஓட கடைசியில கிளார்க்கோட வளர்ப்பு அப்பா ஜொனாதன் கென்ட் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழறார். 500-ஓட பாதிக் கதை அந்த மாரடைப்புக்குள்ளதான் நடக்குது. அதைத் தாண்டிப் போனா, கிழவர் ஏன் சாவோட வாசல்ல நின்னு மகனைக் கூப்பிடறார்னே தெரியாது. தவிர 77 அட்டையில 1993 மார்ச், 500 அட்டையில ஜூன். நடுவுல வேணும்னே இடைவெளி விட்டாங்க. கேள்வி கேட்டவர் 77 முடிச்சதும் ஒரு வாரமாவது நிறுத்தி வெச்சா அந்த வெறுமை பிடிபடும்.

சொல்ல மறந்தது: சூப்பர்மேன் 76-க்கு முன்னாடி சூப்பர்மேன் 64-ஐத் தேடிப் படிச்சிடுங்க. கிறிஸ்துமஸ் சமயத்துல சூப்பர்மேன் தனக்கு வந்த கடிதங்களைப் பிரிச்சுப் படிச்சு உதவப் போற கதை. 76-ல அதே மாதிரி மூட்டை மூட்டையாக் கடிதம் வந்து கிடக்குது. இந்தத் தடவை பிரிக்கிறது மத்த ஹீரோக்கள்.