மேல் அறைக்காரர்

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

ஞாயிறு

அண்ணி: பெரியப்பாவைப் பார்க்கப் போய்விட்டு இப்போதுதான் திரும்பினேன். பார்க்க முடியவில்லை. "ஐயா தூங்குகிறார்" என்று மேல் அறைக்காரர் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டார். மாலை நான்கு மணிக்கு என்ன தூக்கம்? உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

அத்தை: நான் கூப்பிட்டாலும் அவன்தான் எடுக்கிறான். ஒலிபெருக்கியில் போட்ட பிறகுதான் அண்ணனிடம் கொடுக்கிறான். அண்ணன் "நன்றாக இருக்கிறேன்" என்கிறார். கேள்வி எதுவானாலும் அதே பதில்.

மாமா: பக்கவாதம் வந்த மனிதருக்கு அந்த ஒரு வாக்கியம் வருவதே பெரிய காரியம். நம்மில் யாராவது மச்சானோடு போய் இருந்தோமா? குறைந்த வாடகைக்கு வந்த பிள்ளை கூடமாட உதவி செய்கிறான். அவனைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

தம்பி: உதவியா? வங்கி அட்டையே அவனிடம்தான் இருக்கிறது. போன மாதம் மின்கட்டண பாக்கிக் கடிதம் மேசையில் கிடந்ததை நானே பார்த்தேன். ஓய்வூதியம் வருகிறது, கட்டணம் மட்டும் போகவில்லை.

அண்ணா: மருந்துக் கடையில் என்னைப் பார்த்ததும், "உங்கள் பெரியப்பாவின் மருந்துப் பொதியை யாரும் எடுத்துப்போகவில்லையே" என்று கேட்டார்கள். அவர் மறந்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

நான்: பக்கத்து வீட்டு அம்மா வேறு ஒன்று சொன்னார். காலில் புண்ணுக்குக் கட்டுப் போட வந்த செவிலியரை, மருத்துவமனையிலேயே கட்டிவிட்டார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினாராம். ஒரு நாள் இரவு சத்தம் கேட்டு அந்த அம்மா போலீஸைக் கூப்பிட்டிருக்கிறார். அவர்களிடமும் இவர்தான் பேசி அனுப்பியிருக்கிறார்.

தம்பி: நாளைக்கே நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பெட்டியோடு தெருவில் நிற்பான்.

மாமா: பலமுறை முன்னனுப்பப்பட்டது
"எச்சரிக்கை! முதியோர் வீடுகளைக் குறிவைக்கும் கும்பல்! உடனே பத்துப் பேருக்கு அனுப்பவும்!"

அத்தை: இப்போதுதானே அவன் நல்ல பிள்ளை என்றீர்கள்?

மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியக்கா: இரவுப் பணியில் இருந்தேன், இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். தம்பி, நீ போகாதே. நீ கத்திவிட்டுத் திரும்பிய பிறகு அதே வீட்டில் அந்த ஆளோடு இரவு தங்கப் போவது பெரியப்பாதான். அட்டை, ரசீது, கடிதம் எல்லாம் காலைக்குள் காணாமல் போகும். அவர் கீழே விழுந்து கிடந்தாலோ யாராவது அடித்தாலோ 999 என்ற அவசர எண்ணைக் கூப்பிடுங்கள், அதற்குத் தயங்காதீர்கள். மற்றபடி யாரும் அந்த ஆளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

பெரியக்கா: நீங்கள் ஐந்து பேர் ஐந்து செய்தி சொன்னீர்கள். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் சமாதானம் இருக்கிறது: மருந்து மறந்திருக்கலாம், கட்டணம் தவறியிருக்கலாம். மருந்துக் கடை, செவிலியர், போலீஸ், மின்நிறுவனம் ஒவ்வொருவரும் அப்படித்தான் நினைத்து விஷயத்தை அத்தோடு விட்டிருப்பார்கள்.

பெரியக்கா: இங்கே இங்கிலாந்தில், கார்ன்வால் பகுதியில் செயின்ட் ஆஸ்டல் என்ற ஊரில் 2006இல் நடந்ததை எங்கள் பயிற்சியில் சொன்னார்கள். கற்றல் குறைபாடு உள்ள ஒருவர், தனியே இருந்தவர். நண்பன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் அவர் வீட்டில் குடியேறினான். அவனும் கூட்டாளிகளும் பணத்தைப் பிடுங்கி, அடித்து, அடிமைபோல் நடத்தி, கடைசியில் ரயில் பாலத்திலிருந்து விழச்செய்து கொன்றார்கள். வாராவாரம் வந்துகொண்டிருந்த உதவியை அவரே முந்தைய ஆண்டில் வேண்டாம் என்றார். ஏன் என்று ஆராயாமல் நிறுத்திவிட்டார்கள். 2007இல் வந்த அறிக்கை சொன்னது இதுதான்: போலீஸ், மருத்துவமனை, கவுன்சில் என்கிற உள்ளாட்சி, வீட்டுவசதித் துறை எல்லோருக்கும் ஏதோ ஒன்று தெரிந்திருந்தது. யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அத்தை: கடவுளே.

அண்ணி: அக்கா, யாரிடம் சொல்ல வேண்டும்?

பெரியக்கா: கவுன்சிலின் வயதுவந்தோர் பாதுகாப்புப் பிரிவில். யார் வேண்டுமானாலும் சொல்லலாம், பெயர் சொல்லாமலும் சொல்லலாம். 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், 42ஆம் பிரிவு. அவர்கள் பார்ப்பது மூன்று விஷயம். அவருக்குப் பராமரிப்புத் தேவை இருக்கிறதா? துன்புறுத்தலோ புறக்கணிப்போ நடக்கிறது, அல்லது நடக்கும் ஆபத்து இருக்கிறது என்று சந்தேகப்பட நியாயமான காரணம் உண்டா? அந்தத் தேவை காரணமாகவே தன்னைக் காத்துக்கொள்ள முடியாமல் இருக்கிறாரா? மூன்றும் பொருந்தினால் விசாரிப்பது அவர்கள் கடமை. கவுன்சில் இதுவரை அவருக்கு எந்த உதவியும் செய்யாமல் இருந்தாலும் சரி. நிரூபித்துக் காட்டும் பொறுப்பு நமக்கு இல்லை.

மாமா: ஆபீஸ் என்று போனால் மச்சானைத் தூக்கி முதியோர் இல்லத்தில் போட்டுவிடுவார்கள். குடும்ப விஷயம் குடும்பத்தோடு இருக்கட்டும்.

பெரியக்கா: அந்தப் பயம் பழைய சட்டத்தால் வந்தது மாமா. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஆளை அப்புறப்படுத்தும் அதிகாரம் இருந்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46ஆம் பிரிவு அதை நீக்கிவிட்டது. ஸ்காட்லாந்தில் இன்றும் நீதிமன்ற உத்தரவோடு அழைத்துப்போக முடியும், அதுவும் அதிகபட்சம் ஏழு நாள். இங்கிலாந்தில் அது கிடையாது.

அண்ணா: ஆனால் அட்டையைப் பெரியப்பா தானே கொடுத்திருந்தால்? அது அவர் பணம், அவர் முடிவு. நாளைக்கு "நான்தான் கொடுத்தேன்" என்று சொன்னால் நம் முகத்தை எங்கே வைப்பது?

பெரியக்கா: நல்ல கேள்வி. முட்டாள்தனமான முடிவு எடுக்கவும் மனிதருக்கு உரிமை உண்டு. அதனாலேயே அவருக்கு முடிவெடுக்கும் மனத்திறன் இல்லை என்று சொல்லக் கூடாது என்று 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டமே சொல்கிறது. ஆனால் மிரட்டலுக்குப் பயந்து கொடுத்தால் அது அவர் முடிவு ஆகாது. எனவே அவரைத் தனியாகக் கேட்க வேண்டும். இத்தனை நாளில் யாராவது தனியாகக் கேட்டீர்களா?

அண்ணி: எப்படிக் கேட்பது? பக்கவாதத்துக்குப் பிறகு ஆங்கிலம் அடியோடு போய்விட்டது, தமிழ் மட்டும் கொஞ்சம் மிச்சம். குடும்ப மருத்துவரான ஜிபியிடம் போனாலும் வங்கிக்குப் போனாலும் மேல் அறைக்காரர்தான் கூடவே போய் மொழிபெயர்க்கிறார்.

பெரியக்கா: என்ன சொன்னாய்?

பெரியக்கா: அப்படியானால் ஜிபி கேட்டது அவன் குரல். வங்கி கேட்டது அவன் குரல். வாசலில் போலீஸ் கேட்டதும் அதுவே. இத்தனை அலுவலகங்களும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தால்கூட அவன் சொன்னதைத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். புகார் கொடுக்கும்போது முதல் வரியிலேயே இதைச் சொல்ல வேண்டும்.

அத்தை: என் அண்ணன் வாய் ஓயாமல் பேசுகிறவர்.

மாமா: ஒரு விஷயம். சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் அந்தப் பையன் ஒரு படிவத்தைக் கொண்டுவந்தான். மச்சானின் பணம், வீடு எல்லாவற்றையும் அவனே பார்த்துக்கொள்வதற்கான அதிகாரப் பத்திரமாம். நான் நெடுநாள் பழகியவன் என்பதால் ஒரு கையெழுத்து வேண்டும் என்றான். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லித் தட்டிக்கழித்துவிட்டேன்.

தம்பி: மாமா!!!

பெரியக்கா: கையெழுத்துப் போடாதது பெரிய புண்ணியம். பத்திரம் கொடுக்கிறவர் புரிந்துதான் கொடுக்கிறார், யாரும் நெருக்கவில்லை என்று சான்று சொல்கிற கையெழுத்து அது. அந்தப் பத்திரம் பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிவானால்தான் செல்லும். பதிவேட்டில் இருக்கிறதா என்று தேடித் தரச் சொல்லிக் கேட்கலாம், கட்டணம் இல்லை. அண்ணா, அந்த வேலை உன்னுடையது. மற்ற எல்லாவற்றையும் சேர்த்து நாளைக் காலை நான் கவுன்சிலைக் கூப்பிடுகிறேன்.

செவ்வாய்

பெரியக்கா: புகாரைப் பதிந்துகொண்டார்கள். சமூகப் பணியாளர் ஒருவர் பேசினார். நிதானமான பெண். மேல் அறைக்காரரைப் பற்றிக் கேட்பதற்கு முன், "பெரியவருக்கு என்ன வேண்டும்?" என்றார். நமக்குத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

அண்ணி: நாளை அவருக்குக் கண் பரிசோதனை இருக்கிறது.

பெரியக்கா: அதையும் சொல்லிவிட்டேன். பரிசோதனை அறைக்குள் துணைக்கு யாரையும் விடாமல் பார்த்துக்கொள்வதாக மருத்துவமனை ஒப்புக்கொண்டிருக்கிறது. சமூகப் பணியாளர் அங்கேயே வந்து பார்ப்பார். தமிழ் மொழிபெயர்ப்பாளரை அவர்களே ஏற்பாடு செய்கிறார்கள்.

தம்பி: நான் போகிறேனே, எனக்கு இரண்டு மொழியும் தெரியும்.

பெரியக்கா: வேண்டாம். சொந்தக்காரர்களும் அந்த வேலைக்கு ஆகாது. உன் முன்னால் சொல்ல அவருக்கு வெட்கமாக இருக்கலாம். அல்லது உனக்குப் பிடித்த பதிலைச் சொல்லலாம்.

தம்பி: என் மேலேயே சந்தேகமா?

பெரியக்கா: உன் குரல் உயரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

புதன்

அண்ணி: வெளியே உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் உள்ளே பேசினார்கள். படம் போட்ட அட்டைகளைக் காட்டி, அவர் கை நீட்டும்வரை காத்திருந்தார்களாம். மேல் அறைக்காரர் இரண்டு தடவை கதவைத் தட்டினார். வரவேற்பில் இருந்த பெண் அவரைத் திரும்பிப் போய் உட்காரச் சொன்னாள்.

அண்ணி: பெரியப்பாவின் சம்மதத்தோடு சமூகப் பணியாளர் என்னிடம் சொன்னவை: அட்டை தன் கைக்கு வர வேண்டும். இரவில் சமையலறையைப் பூட்டக் கூடாது. தங்கையிடம் தனியாகப் பேச வேண்டும்.

அத்தை: சமையலறையைப் பூட்டுகிறானா?

அண்ணி: ஆமாம் அத்தை. இன்னொன்றும் சொன்னார். அந்தப் பையனை வெளியேற்ற வேண்டாமாம். இரவில் விழுந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும் என்கிறார்.

தம்பி: இது என்ன நியாயம்? பூட்டிப் பட்டினி போட்டவனை வைத்துக்கொள்வதா?

அண்ணா: அவர் அப்படித்தான் சொல்வார், பயம்.

பெரியக்கா: பயமாக இருக்கலாம், தனிமையாகவும் இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் அந்தப் பெண் திரும்பவும் வரப்போகிறாள். அவருக்காகப் பேச, யாரையும் சாராத ஒருவரையும் சட்டப்படி ஏற்பாடு செய்கிறார்கள். அவர் கேட்டது விழுந்தால் தூக்க ஆள். அதற்குக் கழுத்தில் மாட்டும் அவசரப் பொத்தான் இருக்கிறது, காலையும் மாலையும் வரும் பராமரிப்பாளர் இருக்கிறார். அவை வந்த பிறகு அதே கேள்வியைக் கேட்டால் பதில் மாறலாம். மாறாமலும் போகலாம், அதற்கும் நாம் தயாராக இருக்க வேண்டும்.

மாமா: போலீஸ்?

பெரியக்கா: போலீஸ் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். அதை மதிக்கத்தான் பார்ப்பார்கள். ஆனால் அவர் வற்புறுத்தலில் இருந்தால், அல்லது அந்த ஆளால் வேறு யாருக்கும் ஆபத்து இருந்தால், அவர் சம்மதம் இல்லாமலும் தகவலைப் பகிரலாம். அப்படிப் பகிர்ந்தால் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வோம் என்று அந்தப் பெண் சொன்னாள். எனக்கு அது பிடித்திருந்தது.

பெரியக்கா: அடுத்த வியாழன் கூட்டம். கவுன்சில், ஜிபி, செவிலியர் பிரிவு, போலீஸ். வங்கி அதற்கு முன்பே எழுத்தில் பதில் தர வேண்டும். பெரியப்பாவும் வருகிறார், கார் அண்ணியுடையது. ஜிபி இனிமேல் வேறு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அவரைப் பார்ப்பதில்லை என்று முடிவாகிவிட்டது. கால் புண்ணுக்குச் செவிலியர் நாளையே வருகிறார், வாசலில் திருப்பி அனுப்பினால் உடனே கவுன்சிலுக்குத் தகவல் போகும்.

அண்ணா: பதிவேட்டில் தேடச் சொல்லிப் படிவம் அனுப்பிவிட்டேன். பதில் வந்ததும் சொல்கிறேன்.

பெரியக்கா: நல்லது. எல்லோரும் அவரவர் பார்த்ததை இன்று இரவுக்குள் எனக்கு எழுதி அனுப்புங்கள். நாள், நேரம், யார் என்ன சொன்னார். கேள்விப்பட்டது என்றால் கேள்விப்பட்டது என்றே எழுதுங்கள்.

மாமா: அந்தப் படிவ விஷயத்தை நான் தமிழில் எழுதலாமா?

பெரியக்கா: தாராளமாக. அவன் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள் மாமா. உங்கள் அபிப்பிராயத்தைத் தனியாகக் கீழே எழுதுங்கள்.

மாமா: அபிப்பிராயம்தான் இரண்டு பக்கம் வருகிறது.

அத்தை: அதை எனக்கு அனுப்புங்கள், அவளுக்கு வேலை இருக்கிறது.