கேரவன் ஷாக் அப்சார்பர்: வீட்டு வாசலிலா, பட்டறையிலா?

நடைவீடு_கிருஷ்ணகிரி:
பழைய பயணிகள் வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கேரவனாக்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம் அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போய் வந்தோம். வளைவுக்கு வளைவு வண்டி ஊஞ்சலாடியது. வேகத்தடையைத் தாண்டினால் மூன்று முறை குதித்த பிறகுதான் அடங்குகிறது. மனைவிக்கு வழியெல்லாம் வாந்தி. அலமாரி திறந்து ரசப்பொடி டப்பா கவிழ்ந்த கதை தனி.

கீழே குனிந்து பார்த்தேன். பின்பக்க ஷாக் இரண்டிலும் எண்ணெய் கசிந்து, புழுதி ஒட்டி, கரிக்கட்டையாக இருக்கின்றன. நான்கையும் மாற்றப் போகிறேன். பட்டறையில் சொல்லும் கூலி, பொருளின் விலைக்குப் பக்கத்தில் நிற்கிறது. என் வண்டியில் முன்னும் பின்னும் ஸ்பிரிங் பட்டைதான். நானே கழற்றி மாட்டலாமா?

பென்னாகரத்தாள்:
தாராளமாக மாட்டலாம். பட்டை வைத்த வண்டியில் ஷாக் என்பது மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட். வண்டியின் எடையைத் தாங்குவது பட்டை. ஷாக்குக்கு அந்த வேலை கிடையாது. பட்டையின் ஆட்டத்தை அடக்குவதோடு அதன் கடமை முடிந்தது. அதனால் கழற்றும்போது எதுவும் தெறித்து வராது. போன ஆண்டு எங்கள் வேனில் பின்பக்க இரண்டையும் நானும் என் தம்பியும் ஒரு முற்பகலில் மாற்றினோம். முந்தைய இரவே போல்ட்டுகளில் துரு நீக்கும் எண்ணெயை அடித்து ஊற விட்டோம். அவ்வளவுதான் ரகசியம்.

பட்டறைக்காரன்:
அவ்வளவுதானா அம்மா? 22 ஆண்டுகளாகக் கிருஷ்ணகிரியில் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு போல்ட் என்று நீங்கள் சொன்னது சரி. அந்த இரண்டு போல்ட்டுக்குக் கீழே மல்லாந்து படுத்திருப்பவரின் நெஞ்சுக்கு மேலே மூன்று டன் நிற்கிறது என்பதை ஏன் சொல்லவில்லை?

இந்த ஊரில் தெருவுக்குத் தெரு கிரானைட் துண்டு கிடக்கிறது. ஜாக்கி மண்ணில் புதைகிறது என்று ஒருவர் அதன் அடியில் கிரானைட் பலகையைக் கொடுத்தார். கிரானைட் பார்க்கத்தான் உறுதி. நடுவில் ஒரு புள்ளியில் எடை இறங்கினால் பிஸ்கட் மாதிரி இரண்டாக உடையும். அன்று உடைந்தது. வண்டி இறங்கிய நேரத்தில் அவர் ஸ்பேனர் எடுக்க வெளியே வந்திருந்தார். ஷாக் மாட்டும் வேலையை என்னிடம்தான் கொண்டுவந்தார். அப்போதும் அவருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

நடைவீடு_கிருஷ்ணகிரி:
வெளிநாட்டுக் காணொளிகளில் கேரவன்காரர்கள் தாங்களே செய்கிறார்களே ஐயா?

பட்டறைக்காரன்:
அதையும் பார்த்திருக்கிறேன். ஐரோப்பியக் கேரவன்களில் பாதிக்குமேல் பியட் டுகாட்டோ மேல் கட்டியவை என்று நினைக்கும் அளவுக்கு அந்த வண்டிதான் காணொளிகளில் வருகிறது. அதில் பின்னால் பட்டை. முன்னால் சுருள் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகப் பொருத்திய அமைப்பு. பின்பக்கத்தைச் சிரித்துக்கொண்டே மாற்றிக் காட்டுவார்கள். அதைப் பார்த்த தைரியத்தில் முன்பக்கத்தைப் பிரித்தால் அழுத்தி வைத்த சுருள் மேல்நட்டோடு முகத்துக்கு வரும். உங்கள் வண்டியில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இதைப் படிக்கும் எல்லோருக்கும் ஒரே வண்டியா?

பென்னாகரத்தாள்:
ஜாக்கி விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு இல்லாமல் யாரும் அடியில் போகக் கூடாது. ஆனால் பட்டறை என்றாலே பத்திரம் என்ற தோரணையைத்தான் ஏற்க மாட்டேன். ஒரு பட்டறையில் துருப்பிடித்த நட்டு கழலவில்லை என்று கேஸ் வெல்டிங் நெருப்பை நேராக ஷாக்கின் உடம்பிலேயே காட்டினார்கள். உள்ளே எண்ணெய், கேஸ் ஷாக் என்றால் அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜன் வேறு. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினேன். இன்னொரு முறை, கசிந்த இடப்பக்க ஷாக்கை மட்டும் மாற்றிவிட்டு “வலப்பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது” என்று அனுப்பினார்கள். ஓர் அச்சில் ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி எப்படி நேராகப் போகும்?

பட்டறைக்காரன்:
ஷாக் உடம்பில் நெருப்புக் காட்டுபவன் மெக்கானிக் இல்லை. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்பதும் சரி. இப்போது நான் கேட்கிறேன்: நீங்களும் தம்பியும் கீழ் போல்ட்டை எப்போது இறுக்கினீர்கள்? சக்கரம் தரையில் இருந்தபோதா, தொங்கியபோதா?

பென்னாகரத்தாள்:
தொங்கியபோதுதான்.

பட்டறைக்காரன்:
அதைத்தான் எதிர்பார்த்தேன். ஷாக்கின் இரண்டு முனையிலும், போல்ட்டைச் சுற்றி, ரப்பர் புஷ் இருக்கிறது. அச்சு தொங்கும் நிலையில் முழுக்க இறுக்கினால், வண்டியை இறக்கியதும் அந்த ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழ்நாள் முழுக்க இருக்கும். சில மாதங்களில் கிழிந்து “கடக் கடக்” என்று சத்தம் வரும். ஷாக்கே மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம். விரலால் போகும்வரை மாட்டிவிட்டு, சக்கரங்கள் எடையைத் தாங்கி நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. இன்னொன்று: வண்டியை அடிச்சட்டத்தில் தூக்கினால் அச்சு கீழே தொங்கி பிரேக் குழாயை இழுக்கும். அச்சுக்கும் தாங்கல் வேண்டும்.

பென்னாகரத்தாள்:
சத்தம் வருவது உண்மைதான். சாலை மோசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தளர்த்தி மறுபடி இறுக்கிவிடுகிறேன். நானேதான்.

தொப்பூர்_இறக்கம்:
முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டி ஓய்ந்தவன். நீங்கள் இருவரும் யார் கழற்றுவது என்று அடித்துக்கொள்கிறீர்கள். கோளாறு ஷாக்கிலா என்று ஒருவரும் கேட்கவில்லை. எண்ணெய் கசிந்தால் ஷாக் போய்விட்டது, சரி. ஆனால் வளைவில் இவ்வளவு சாய்வது ஷாக்கால் மட்டும் இருக்காது. 150 லிட்டர் தொட்டி என்றால் 150 கிலோ. பேட்டரி எந்தப் பக்கம்? அடுப்பும் அலமாரியும் எந்தப் பக்கம்? எல்லாம் ஒரே பக்கம் என்றால் அந்தப் பக்கப் பட்டை தளர்ந்திருக்கும். தளர்ந்த பட்டையைப் புது ஷாக் தூக்கி நிறுத்தாது. மாம்பழ லாரிகள் நிற்கும் ஏதாவது எடை மேடைக்குப் போய், முதலில் முழு வண்டியையும், பிறகு இடப்பக்கச் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றியும் பாருங்கள்.

ஷாக் முன்பக்கமும் போயிருக்கிறதா என்று அறிய ஒரு வழி. மோசமான சாலையில் ஓட்டிவிட்டு, நிறுத்தியதும் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும் ஷாக், ஆட்டத்தைச் சூடாக மாற்றும். ஜோடியில் ஒன்று சுட்டு, மற்றொன்று குளிர்ந்திருந்தால், குளிர்ந்தது சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. புகைக்குழாயைத் தொட்டுவிடாதீர்கள். செத்த ஷாக்கோடு தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் தொப்பூரில் இறங்காதீர்கள். டயர் தரையைவிட்டுத் துள்ளும் நேரத்தில் பிரேக்குக்குப் பிடிமானம் ஏது?

நடைவீடு_கிருஷ்ணகிரி:
எடை போட்டேன். இடப்பக்கம் 190 கிலோ அதிகம். தொட்டி, பேட்டரி, அடுப்பு மூன்றும் இடப்பக்கம்தான். தச்சர் வரைந்த படத்துக்கு அன்று தலையாட்டியவன் நானே.

தொட்டும் பார்த்தேன். முன்பக்கம் இரண்டும் ஒரே சூடு. பின்பக்கம் இரண்டும் சில்லென்று இருந்தன. அதனால் இப்போதைக்குப் பின்பக்கம் மட்டும்.

பட்டறைக்காரன்:
கூலிக்காகப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நீங்களே செய்வதானால் வாசலில் செய்யாதீர்கள். வாட்டர் சர்வீஸ் கடையில் சாய்தளம் இருக்கும். கூட்டமில்லாத நேரத்தில் வாடகைக்குக் கேளுங்கள். வண்டி சக்கரத்திலேயே நிற்கும், ஜாக்கியே வேண்டாம். பட்டை எடையைத் தாங்கியபடி இருப்பதால் கடைசி இறுக்கும் அங்கேயே முடிந்துவிடும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். புது ஷாக்கை மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை முழுக்க இழுத்து அழுத்துங்கள். படுக்கை வாட்டத்தில் கிடந்தபோது உள்ளே புகுந்த காற்று வெளியேறும். கேஸ் ஷாக்கானால் அதை அழுத்திக் கட்டியிருக்கும் வாரை மாட்டிய பிறகு அறுங்கள்.

பென்னாகரத்தாள்:
முதல் பதிவிலேயே இதைச் சொல்லியிருந்தால் நான் வாதாடியிருக்கவே மாட்டேன்.

பட்டறைக்காரன்:
முதல் பதிவில் நீங்கள் “தாராளமாக” என்றீர்கள்.

நடைவீடு_கிருஷ்ணகிரி:
முடிந்தது. சனிக்கிழமை விடிகாலையில் சாய்தளம் கிடைத்தது. மூன்று போல்ட்டுகள் சொன்ன பேச்சைக் கேட்டன. வலப்பக்க மேல்போல்ட் மட்டும் ஒன்றரை மணி நேரம் என்னை அழவைத்தது. கடைசியில் ஸ்பேனரின் முனையில் இரண்டடிக் குழாயைச் செருகித் திருகியபோதுதான் அசைந்தது. கழற்றிய பழைய ஷாக்கைக் கையால் அழுத்தினால் சைக்கிள் பம்ப் மாதிரி எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போகிறது. தேன்கனிக்கோட்டை வரை ஓட்டிப் பார்த்தேன். வேகத்தடையில் ஒரே குலுக்கு, உடனே அடக்கம். ஆனால் இடப்பக்கச் சாய்வு அப்படியே இருக்கிறது. அடுத்தது தொட்டியை வலப்பக்கம் மாற்றுவது.

தொப்பூர்_இறக்கம்:
மாற்றும்போது பின்கதவுப் பக்கம் தள்ளிவிடாதீர்கள் தம்பி. பின்அச்சைத் தாண்டித் தொங்கும் எடை முன்பக்கத்தைத் தூக்கும், ஸ்டியரிங் இலேசாகிவிடும். இரண்டு அச்சுக்கும் நடுவில் இடம் தேடுங்கள். கட்டிலுக்கு அடியில் காலியாக இருக்கிறதா?

நடைவீடு_கிருஷ்ணகிரி:
இருக்கிறது. அங்கே மனைவியின் தையல் மெஷின் இருக்கிறது. அதைப் பற்றி இன்று இரவு பேச வேண்டும்.