எண்டோமெட்ரியோசிஸ் ஆபரேஷனுக்கு முன் அனுமதி மறுப்பு: நெட்வொர்க்கில் இல்லாத நிபுணரிடம் செய்ய வழி உண்டா?

வெண்பனி:
வணக்கம். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் நோய்), இரண்டு சினைப்பையிலும் சாக்லேட் சிஸ்ட், அதாவது அந்த நோயால் வரும், பழைய ரத்தம் நிறைந்த கட்டி. முன்பு லேப்ராஸ்கோப்பி செய்து சிஸ்டை உறிஞ்சிவிட்டு, கண்ணில் பட்ட இடங்களையெல்லாம் சுட்டுவிட்டார்கள். வலி திரும்ப வந்துவிட்டது, இப்போது மாதவிடாய் நாட்களில் மலம் கழிக்கப் போனால் உயிர் போய்த் திரும்புகிறது. புதிதாக எடுத்த எம்ஆர்ஐயில் கர்ப்பப்பையின் பின்பக்கம் மலக்குடலோடு ஒட்டிக்கிடக்கிறது என்று இருக்கிறது. எங்கள் இன்சூரன்ஸ் நெட்வொர்க்கில் (அவர்களோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவர்கள் பட்டியலில்) உள்ள மகப்பேறு மருத்துவர் நல்லவர்தான், ஆனால் சிஸ்டை எடுத்துத் தருகிறேன், குடல் பக்கம் கை வைக்க மாட்டேன் என்கிறார். குடல் அறுவை நிபுணரையும் கூட வைத்துக்கொண்டு ஒரே ஆபரேஷனில் எல்லாவற்றையும் வெட்டி எடுக்கிறவர் நெட்வொர்க்கில் இல்லை. வெளியே உள்ள நிபுணரிடம் செய்ய இன்சூரன்ஸ்காரர்களிடம் முன் அனுமதி கேட்டோம், மறுத்துவிட்டார்கள். ஃபோன் செய்தால் "இதே சிகிச்சை நெட்வொர்க்கிலேயே கிடைக்கும் மேடம்" என்று ஒரே பாட்டு. கையிலிருந்து கட்டிவிட்டு அப்புறம் கிளெய்ம் போடலாமா என்கிறார் வீட்டுக்காரர். பாலிசி அவர் அலுவலகம் வழியாக வந்தது. இதில் ஜெயித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கிளிஞ்சல்:
முதலில், கட்டிவிட்டுக் கிளெய்ம் போடும் யோசனையைத் தள்ளி வையுங்கள். முன் அனுமதி தேவைப்படும் ஆபரேஷனை அனுமதி இல்லாமல் செய்தால், நோய் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் "எங்களைக் கேட்கவில்லை" என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். ஃபோனில் சொன்னதை நம்பாதீர்கள், அங்கே பேசுகிறவர் திரையில் இருப்பதை வாசிக்கிறார், அவ்வளவுதான். மறுப்புக் கடிதத்தில் என்ன காரணம் எழுதியிருக்கிறது? அந்த வரியை அப்படியே இங்கே போடுங்கள். மேல்முறையீட்டுக்குக் கடைசித் தேதியும் அதில் இருக்கும், அதைப் பார்த்து எங்காவது குறித்து வையுங்கள்.

வெண்பனி:
இப்போதுதான் முழுசாகப் படித்தேன் அக்கா. இரண்டு காரணம் இருக்கிறது. ஒன்று, "இணையான சிகிச்சை நெட்வொர்க் மருத்துவர்களிடம் கிடைக்கிறது". இன்னொன்று, "குழந்தையின்மை தொடர்பான சிகிச்சைக்கு இந்தப் பாலிசியில் இடமில்லை". நான் குழந்தைக்காக எதுவுமே கேட்கவில்லையே! வலிக்காகத்தானே போனேன்?

செங்காந்தள்:
ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன், இதை அடிக்கடி பார்க்கிறேன். நீங்கள் கேட்கவில்லை, உங்கள் பேப்பர் கேட்டிருக்கிறது. விண்ணப்பத்தின் நகலை வாங்கி, நோய்க் குறியீடு என்று இருக்கும் கட்டத்தைப் பாருங்கள். ஐசிடி-10 என்ற சர்வதேச நோய்க் குறியீட்டு முறையில் எண்டோமெட்ரியோசிஸுக்கு என்80 வரிசை: சினைப்பை என்றால் என்80.1, மலக்குடலுக்கும் யோனிக்கும் இடைப்பட்ட தடுப்பு என்றால் என்80.4, குடல் என்றால் என்80.5. பெண் குழந்தையின்மைக்கு என்97. பெரும்பாலும் என்ன நடந்திருக்கும் என்றால், பழைய சீட்டில் "திருமணமாகி இத்தனை வருடம், குழந்தை இல்லை" என்று முதல் வரியில் எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்து யாரோ என்97-ஐயும் சேர்த்து அனுப்பியிருப்பார்கள். மறுக்கிறவருக்கு அது போதும்.

இதற்காக எதையும் மறைக்கச் சொல்லவில்லை, மறைத்தால் பின்னால் அதுவே பெரிய வம்பு. இந்த ஆபரேஷன் எதற்காக என்பதை மருத்துவர் நேராக எழுத வேண்டும், அவ்வளவுதான். "கடும் இடுப்பு வலி, மலம் கழிக்கும்போது வலி, முந்தைய ஆபரேஷனுக்குப் பிறகும், ஹார்மோன் மாத்திரைக்குப் பிறகும் குறையவில்லை, எம்ஆர்ஐயில் குடலில் ஆழமான நோய்" என்ற வரிசையில். குழந்தை விஷயம் வரலாற்றுப் பகுதியில் ஒரு வரியாக இருந்துவிட்டுப் போகட்டும். குடல் குறியீடு விடுபட்டிருந்தால் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். வெறும் என்80.1 மட்டும் போனால் அவர்கள் கண்ணுக்கு இது ஒரு சிஸ்ட் ஆபரேஷன், எந்த மகப்பேறு மருத்துவரும் செய்வார் என்றுதான் தெரியும். முதல் காரணமும் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆத்தங்கரை:
எனக்கு முதல் காரணம் மட்டும் வந்தது, அதில் ஜெயித்தேன். "நெட்வொர்க்கில் கிடைக்கும் என்கிறீர்கள், சரி, யார் என்று பெயர் கொடுங்கள்" என்று எழுத்தில் கேட்டேன். ஒரு பட்டியல் வந்தது. அதில் ஒருவர் ஓய்வு பெற்றே போயிருந்தார், இன்னொருவர் ஐவிஎஃப் மட்டும் பார்ப்பவர்! மற்றவர்களை அழைத்து இதைத்தான் கேட்டேன்: ஆழமான எண்டோமெட்ரியோசிஸை வெட்டி எடுக்கிறீர்களா, குடலில் இருந்தால் அதே ஆபரேஷனில் குடல் நிபுணர் கூட இருப்பாரா? இல்லை என்றவர்களின் பெயர், தேதி, யார் பேசினார்கள் என்பதையெல்லாம் குறித்து வைத்தேன்.

அதைவிடப் பெரிய ஆயுதம் உங்கள் கையிலேயே இருக்கிறது. குடலில் கை வைக்க மாட்டேன் என்கிற உங்கள் மருத்துவரிடம் அதையே ஒரு கடிதமாக வாங்குங்கள். "இந்த நோயாளிக்குத் தேவையான அறுவையை நான் செய்வதில்லை, இந்த நிபுணருக்குப் பரிந்துரைக்கிறேன்" என்று இரண்டு வரி போதும். நெட்வொர்க் மருத்துவரே இல்லை என்று சொன்ன பிறகு இன்சூரன்ஸ்காரர் எப்படி உண்டு என்பார்? எனக்கு அந்தக் கடிதம் போன பிறகுதான் விதிவிலக்கு கிடைத்தது, நெட்வொர்க் கணக்கிலேயே பார்த்தார்கள்.

ஒன்று கவனம். அனுமதி நிபுணர் பெயருக்கு மட்டும் வந்து, குடல் மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், பயாப்ஸி பார்க்கும் லேப், ஆஸ்பத்திரி இதெல்லாம் வெளியே நின்றுவிடும். ஒவ்வொன்றும் பெயரோடு அனுமதிக் கடிதத்தில் இருக்கிறதா பாருங்கள்.

நடுநிலை:
எல்லாரும் உற்சாகமாக இருக்கிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். நெட்வொர்க்கில் இல்லாதவர் என்பதால் ஒருவர் உசத்தியாகிவிட மாட்டார். குடலில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், கசிவு மாதிரி சிக்கல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று அவரையும் கேளுங்கள். மேல்முறையீட்டில் "சுடுவது தப்பு, வெட்டுவதுதான் சரி" என்று வீராவேசமாக எழுத வேண்டாம். ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரே 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வலி குறைய வெட்டி எடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்ற அளவில்தான் சொல்கிறது. எதிர்ப்பக்க மருத்துவர் அதைப் படித்தவராக இருந்தால் அங்கேயே பிடித்துக்கொள்வார். ஆனால் ஆழமான நோய் உள்ளவர்களை நிபுணத்துவ மையத்துக்கு அனுப்பும்படி அதே வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் வழக்கு நிற்க வேண்டிய இடம் அது.

ஆத்தங்கரை:
வெட்டுவதும் சுடுவதும் ஒன்றுதான் என்கிற தொனியில் சொல்வதை ஏற்க மாட்டேன், குடல் சுவருக்குள் இறங்கிய நோயை மேலாகச் சுட்டு என்ன ஆகும்? ஆனால் கடிதத்தில் அடக்கி எழுதச் சொல்வது சரிதான்.

வெண்பனி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். என்97 இருக்கிறது, செங்காந்தள் சொன்ன மாதிரியே! என்80.5 இல்லவே இல்லை. இன்னொரு சந்தேகம், கர்ப்பப்பையை எடுத்துவிடுவதாக இருந்தால் நெட்வொர்க்கிலேயே உடனே அனுமதி கிடைக்கும் என்று ஃபோனில் ஒருவர் சொன்னார். அதுவே சுலபமோ என்று மாமியாரும் கேட்கிறார்.

கிளிஞ்சல்:
அனுமதி கொடுப்பது சுலபம் என்பதற்காக உறுப்பை எடுப்பார்களா? கர்ப்பப்பையை எடுத்தாலும் குடலில் ஒட்டியிருப்பது அங்கேயேதான் இருக்கும். கர்ப்பப்பைச் சுவருக்குள்ளேயே இந்த மாதிரித் திசு வளரும் அடினோமயோசிஸ் இருந்தால் அது வேறு பேச்சு, அதை உங்கள் மருத்துவரோடு பேசுங்கள், கால் சென்டரோடு வேண்டாம்.

செங்காந்தள்:
இன்னும் இரண்டு விஷயம். சிறுநீர்க்குழாயும் சிறுநீரகமும் ஸ்கேனில் பார்க்கப்பட்டதா? அங்கே அழுத்தம் இருந்தால் வலியே இல்லாமல் சிறுநீரகம் கெட்டுப்போகலாம், அதனால் அப்படி ஏதாவது இருந்தால் மருத்துவர் கடிதத்தில் முதல் வரியாக வர வேண்டும், அவசரப் பரிசீலனையும் கேட்கலாம். அடுத்து, உங்கள் நிபுணரை இன்சூரன்ஸ் மருத்துவரோடு நேரடியாக ஃபோனில் பேசச் சொல்லுங்கள். பல நிறுவனங்களில் அந்த வசதி உண்டு, ஆனால் கேட்டால்தான் தருவார்கள். அப்போது எதிரே இருப்பவர் மகப்பேறு மருத்துவரா என்று விசாரிக்கச் சொல்லுங்கள், எலும்பு மருத்துவர் உட்கார்ந்து எண்டோ கேஸைப் பார்த்த கதையெல்லாம் உண்டு. வீட்டுக்காரர் அலுவலக ஹெச்ஆரிடமும் ஒரு மெயில் போடட்டும், குரூப் பாலிசியில் அலுவலகம் கேட்டால் கொஞ்சம் வேகமாக நகரும். உள்ளேயே முடியாவிட்டால், வெளியே புகார் கொடுக்கும் அமைப்பு பல நாடுகளில் இருக்கிறது, அதன் விவரம் மறுப்புக் கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள்.

அனுமதி வந்ததும் அது எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். இந்த நிபுணர்களிடம் காத்திருப்பு நீளம், ஆபரேஷன் தேதி அதைத் தாண்டினால் முன்கூட்டியே நீட்டிப்பு வாங்கிவிடுங்கள்.