பொழுதியல்பா, காலவகையா? முதியோர் நினைவாற்றல் கையேட்டுக்குச் சொல் தேடி

கோத்தகிரியிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

அன்புடையீர், வணக்கம். முதியோரின் நினைவாற்றல் பற்றிய சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். கோத்தகிரி, குன்னூர் வட்டங்களில் ஊர்தோறும் நடக்கவிருக்கும் மருத்துவ முகாம்களில் அதைக் கொடுக்கப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். இரண்டு சொற்களில் வேலை நின்றுவிட்டது.

முதலாவது ‘க்ரோனோடைப்’. ஒருவருக்கு விடியலில் மனம் தெளிவாக இருக்கிறது, இன்னொருவருக்கு விளக்கு வைத்த பிறகுதான் தெளிகிறது. உடலுக்குள்ள அந்தச் சாய்வைக் குறிக்கும் சொல் அது. இரண்டாவது ‘சிங்க்ரனி எஃபெக்ட்’. அவரவருக்கு உகந்த வேளையில் சோதித்தால் நினைவு மேலாகவும், உகவாத வேளையில் சோதித்தால் தாழ்வாகவும் தெரியும் விளைவு.

கையேட்டின் உயிரே இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. 1993இல் சிந்தியா மே, லின் ஹாஷர் ஆகியோர் குழு இளைஞர்களையும் முதியோரையும் காலையிலும் பிற்பகலின் பின்பகுதியிலும் சோதித்தது. முன்பு படித்ததை அடையாளம் காண்பதில் இரு தலைமுறைக்கும் இடையிலான வேறுபாடு காலையில் சிறிதாகவும் மாலை நெருங்கும்போது பெரிதாகவும் இருந்தது. முதியோரில் பெரும்பாலோர் காலைச் சாய்வு உடையவர்கள், இளைஞர்களில் அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர் என்பதே காரணம். ஆகவே நான்கு மணிக்கு ஒரு பாட்டியை உட்காரவைத்துக் கேள்வி கேட்டுவிட்டு, அவர் தடுமாறியதை முதுமையின் கணக்கில் எழுதினால், அதில் ஒரு பங்கு அந்த வேளையின் கணக்கில் சேர வேண்டியது. இதைப் படிப்பவர் ஒரே வாசிப்பில் உணர வேண்டும் என்பதே என் கவலை. இப்போது என் கையில் இருப்பவை ‘காலவகை’, ‘ஒத்திசைவு விளைவு’. காலவகை என்றதும் இறந்தகாலமும் எதிர்காலமும்தான் தோன்றுகின்றன. ஒத்திசைவு எதனோடு எது இசைவது என்று சொல்லவில்லை. உதவுங்கள்.

உதகையிலிருந்து தமிழாசிரியர் (ஓய்வு):

அம்மா, இரண்டு சொற்களைக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய பக்கங்களில் கேட்காமலே விட்டுவிட்ட மூன்றாவது சொல் ஒன்று என்னை உறுத்துகிறது. ‘உடற்கடிகாரம்’ என்று பன்னிரண்டு இடங்களில் எழுதியுள்ளீர்கள். கடிகை வடசொல்லிலிருந்து வந்தது. அதன் மேல் ஏறிய கடிகாரமும் அவ்வழிப்பட்டதே. பொழுதை அளக்கும் கருவிக்குத் தமிழில் பெயர் இல்லையா? முல்லைப்பாட்டில் ‘பொழுது அளந்து அறியும் பொய்யா மாக்கள்’ அரசனிடம் வந்து ‘குறுநீர்க் கன்னல்’ காட்டும் நேரத்தை அறிவிக்கிறார்கள். சிறு துளை வழியே நீர் புகுந்து பொழுதைக் காட்டும் வட்டில் அது. வெளியே இருந்து எவரும் முடுக்காமல் உள்ளே தானாக நிகழ்வதைக் குறிக்க இதைவிடப் பொருந்தும் சொல் உண்டா? ‘உடற்கன்னல்’ என்று ஆளுங்கள். பிற இரண்டும் அதிலிருந்தே பிறக்கும்: கன்னலியல்பு, கன்னலிசைவு.

குன்னூரிலிருந்து மருத்துவர்:

ஐயாவின் புலமைக்கு வணக்கம். ஆனால் இக்கையேட்டைப் படிக்கப்போகிறவர்களுக்குக் கன்னல் என்றால் கரும்பு. அவர்களில் பலர் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அந்தக் குழப்பத்தை நாமே உண்டாக்கலாகாது.

கடிகாரம் என்ற சொல்லை நான் விடமாட்டேன் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. அது தனக்கென ஒரு சுற்று வைத்துக்கொண்டு ஓடுகிறது. ஹார்வர்டில் சார்ல்ஸ் செய்ஸ்லர் குழு 1999இல் வெளியிட்ட அளவின்படி அச்சுற்று சராசரியாக 24 மணி 11 நிமிடம். மிகும் அந்த நிமிடங்களை நாள்தோறும் வெளிச்சம் திருத்துகிறது. முதுமையில் கண்ணின் வில்லை மஞ்சளடைந்து நீல ஒளியைத் தடுப்பதால் திருத்தும் ஒளி குறைவாக உள்ளே போகிறது. உறக்கம் முன்னதாக வந்து முன்னதாகக் கலைகிறது. நினைவு பதியத் துணைசெய்யும் ஆழ்ந்த உறக்கமும் சுருங்குகிறது. ஓடுவது, பிந்துவது, முந்துவது, திருத்தி வைப்பது ஆகிய எல்லா வினைகளையும் கடிகாரத்தோடு சேர்த்துத்தான் நம் மக்கள் பேசுகிறார்கள். ‘உங்கள் உடம்பிலுள்ள கடிகாரம் முந்தி ஓடுகிறது’ என்றால் எண்பது வயதுத் தாத்தாவும் தலையசைக்கிறார்.

கொடைக்கானலிலிருந்து தாவரவியல் ஆசிரியர்:

கருவிக்குப் பெயர் தேடுவதை நிறுத்திவிட்டு, அது காட்டும் பொருளைப் பாருங்கள். ‘பொழுது’ நம்மிடம் இருக்கிறது. அதற்கு நேரம் என்றும் பொருள், ஞாயிறு என்றும் பொருள். பொழுது புலர்ந்தது, பொழுது சாய்ந்தது என்கிறோம். மருத்துவர் சொன்ன செய்தியின் இரு பாதிகளும், அதாவது நேரமும் அதைத் திருத்தும் கதிரும், இந்த ஒரே சொல்லில் உள்ளன.

பொழுது, போழ்து, போது என்று வரும் வரிசையையும் நினையுங்கள். போது என்றால் மலரும் பருவத்து அரும்பு. அரும்பு விரிவதைக் கண்டே நம் முன்னோர் வேளை அறிந்திருக்க வேண்டும் என்று நான் நெடுநாளாக எண்ணி வருகிறேன். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயசு 1751இல் பூக்கள் விரிவதையும் கூம்புவதையும் கொண்டு ஒரு பூங்கடிகாரம் வகுத்தார். அதற்கு முன்பே, 1729இல், தெ மைரான் என்னும் பிரெஞ்சு அறிஞர் தொட்டாற்சிணுங்கியை இருட்டில் வைத்தும் அதன் இலைகள் வேளை தவறாமல் விரிந்து மூடியதைக் கண்டார். உயிர்களின் உள்ளே ஒரு பொழுது ஓடுகிறது என்ற அறிவு ஒரு செடியிலிருந்தே தொடங்கியது. எங்கள் பழனி மலையில் 2006இலும் 2018இலும் பூத்த குறிஞ்சி பன்னீராண்டை எப்படி எண்ணுகிறது என்பது இன்னும் வியப்பு. இத்துறை நமக்கு அயலானதும் அன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் அவர்கள், வெளியுலகின் வெளிச்சமும் மணியும் எட்டாத அறையில் மனிதரைத் தங்கவைத்து இதை ஆராய்ந்தார். ஆகவே என் முன்மொழிவு: முதலாவது ‘பொழுதியல்பு’, இரண்டாவது ‘பொழுதுப்பொருத்தம்’.

உதகையிலிருந்து தமிழாசிரியர்:

பொழுது மருவிப் போது ஆனது உண்மை. அரும்பைக் குறிக்கும் போது வேறு வேரிலிருந்து வந்து ஒலியால் ஒன்றியது என்பதே என் துணிபு; பூவிலிருந்து பொழுதைப் பிறப்பிப்பதற்குச் சான்று வேண்டும். நாளை ஆறாகப் பகுத்துச் சிறுபொழுது என்று பெயரிட்டவர்கள் நாம். ‘குறிஞ்சி, கூதிர் யாமம் என்மனார் புலவர்’ என்று தொல்காப்பியர் நம் மலைக்கு நள்ளிரவையே உரிமையாக்கினார். நிலத்துக்கொரு பொழுது கண்டவர்களுக்கு ஆளுக்கொரு பொழுது காண்பது அரிதன்று. எனவே பொழுதியல்பை மனமார ஏற்கிறேன்.

ஆனால் ‘பொழுதுப்பொருத்தம்’ பிழை. பொழுது உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். நெடில்தொடருக்கும் உயிர்த்தொடருக்கும் பின் வேற்றுமையில் வல்லினம் மிகாது என்பது நன்னூல். வரகு கதிர் என்பது காட்டு. பொழுது பொருத்தம் என்றே எழுதுக.

இரு வகையினருக்கும் பெயரும் கைவசம் உள்ளது. ‘பகல்வெல்லும் கூகையைக் காக்கை’ என்று வள்ளுவர் காலமறிதலைத் தொடங்குகிறார். வலிமை காக்கையிடத்தோ கூகையிடத்தோ மட்டும் இல்லை, வேளையிடத்தும் இருக்கிறது என்பதுதானே நீங்கள் சொல்லும் ஆய்வும்? காக்கையியல்பினர், கூகையியல்பினர் என்று அழைக்கலாம்.

குன்னூரிலிருந்து மருத்துவர்:

குறள் கையேட்டின் முகப்பில் இருக்கட்டும். ஆனால் வயதானவர் ஒருவரிடம் ‘நீங்கள் கூகை’ என்று என்னால் சொல்ல முடியாது. கூகை அலறினால் இழவு என்று நம்புகிற வீடுகள் இங்கே இன்னும் உள்ளன.

கூடலூரிலிருந்து சுகாதாரப் பணியாளர்:

பெரியவர்கள் நடுவே பேசத் தயங்கினேன், ஆயினும் சொல்லிவிடுகிறேன். நான் பணிபுரியும் தேயிலைத் தோட்ட வரிசை வீடுகளில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களே மிகுதி. அங்கே மக்கள் ‘விடியக்காலை ஆள்’, ‘ராத்திரி ஆள்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அதையே போடலாமே.

என் ஐயம் வேறு. இந்த அம்மாக்கள் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, நேரத்தோடு போய் நின்றவர்கள். காலையில் எழுவது அவர்களுடைய இயல்பா, தோட்டம் பழக்கிய பழக்கமா? ‘இயல்பு’ என்று அச்சிட்டுவிட்டால், பெரட்டு தந்த பழக்கத்தையும் பிறவிக்குணம் என்று எழுதுகிறோம். மேலும் பதின்பருவத்தில் பிந்திச் சென்று, இருபது வயதையொட்டி மிகவும் பிந்தி, பிறகு ஆண்டாண்டாக முந்தி வருவது இது என்று உங்கள் கையேடே சொல்கிறது. வாழ்நாளில் இப்படி நகர்வதை இயல்பு என்பது எப்படி? ‘பொழுதுநிலை’ என்றால் என்ன?

கோத்தகிரியிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

இத்தனை மடல்களிலும் என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைத்தது கூடலூர்க் கேள்விதான். 1976இல் ஹார்னும் ஓஸ்ட்பெர்க்கும் வகுத்த வினாப்பட்டியல் இதை உணர்ந்தே, ‘உங்கள் நாளை நீங்களே திட்டமிட முழு உரிமை இருந்தால் எப்போது எழுவீர்கள்?’ என்று கேட்கிறது. அந்த உரிமையே வாழ்நாளில் கிடைக்காதவரிடம் அக்கேள்வியின் விடை எவ்வளவு தேறும் என்பதைக் கையேட்டில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டேன். ஆனால் பொழுதுநிலை என்பதில் எனக்கு ஓர் இடர்ப்பாடு: இன்றைய நிலை, நாளைய நிலை என்று நாளுக்கு நாள் மாறுவதாக அது ஒலிக்கிறது. இந்த நகர்வோ பல ஆண்டுகளில் நிகழ்வது. வயதுக்கேற்ப உடலின் இயல்பு மாறும் என்று சொல்வதில் தமிழுக்கு முரண் இல்லை.

பொருத்தம் என்ற சொல் சாதகத்தை நினைவூட்டுகிறது என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். அதனாலேயே அது எனக்கு வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் பொருத்தம் என்பதைப் படிப்பறிவே இல்லாதவரும் அறிவார். முதியவரைக் குறை சொல்லாமல், அவருக்கும் வேளைக்கும் இடையில் உள்ளதைச் சொல்லும் சொல் எனக்கு இதைத் தவிர அகப்படவில்லை. எல்லாமே வேளையால் மாறிவிடுவதில்லை என்பதையும் எழுதியிருக்கிறேன். நன்கு பழகிய அறிவும் சொல்வளமும் எந்த வேளையிலும் ஏறத்தாழ ஒன்றுபோல் நிற்கின்றன. வேண்டாததை ஒதுக்கி வேண்டியதைப் பிடிக்கும் திறனே உகவாத வேளையில் தளர்கிறது.

ஆகவே பொழுதியல்பு, பொழுது பொருத்தம், உடற்கடிகாரம். வகைகளுக்குக் காலை இயல்பினர், இரவு இயல்பினர். பக்கத்தில் கூடலூர் வழக்கும் இருக்கும். மறுப்பு இருந்தால் வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.

குன்னூரிலிருந்து மருத்துவர்:

எனக்கு உடன்பாடு. முகாம் படிவத்தில் ‘சோதித்த நேரம்’ என்று ஒரு கட்டமும் சேர்த்துவிடுங்கள். இப்போதுள்ள படிவத்தில் தேதி மட்டுமே இருக்கிறது.

கொடைக்கானலிலிருந்து தாவரவியல் ஆசிரியர்:

உடன்பாடு. போது பற்றித் தமிழாசிரியர் ஐயாவுக்குத் தனியே எழுதுகிறேன்.

கூடலூரிலிருந்து சுகாதாரப் பணியாளர்:

பத்தியைச் சேர்த்ததற்கு நன்றி. இயல்பு என்பதில் எனக்கு முழு மனம் இல்லை, ஆனாலும் தடுக்கவில்லை.

உதகையிலிருந்து தமிழாசிரியர்:

முன்னிரண்டும் நன்று. மூன்றாவதில் என் மறுப்பு நிற்கிறது. இலக்கியத்தில் உள்ள சொல்லை மக்கள் அறியார் என்று விலக்கினால் அவர்கள் அறியப்போவது எப்போது? மறுபதிப்பு வரும்போது கன்னலை அடிக்குறிப்பிலாவது இடம்பெறச் செய்யுங்கள் அம்மா.